நானூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடு

மூக்குக்குக் கீழே அரித்தது. சொறியக் கூடாது என்று மேக்கப் போடும் குமுதா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சொறிந்தால் பூசியதெல்லாம் திட்டுத்திட்டாகிவிடும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும், அதற்கு நேரமில்லை. நேரமில்லை என்று சொல்லி முக்கால் மணி நேரம் ஆயிற்று. தேவகிருபை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சாய முடியவில்லை, இடுப்பில் செருகியிருந்த மைக்கின் பேட்டரி டப்பா முதுகில் குத்தியது. எத்தனை பேர் இடுப்பில் இதைச் செருகச் சொல்லிவிட்டு, ‘ரெண்டு நிமிஷத்துல மறந்துருவீங்க’ என்று சிரித்திருக்கிறாள். பொய். மறக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ‘இன்னும் தூங்கலையா’ நிகழ்ச்சிக்குக் கேள்வி எழுதிக்கொடுக்கிறவள், இன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் காமிராவுக்கு முன்னால் போய் நிற்கப் போகிறாள். மூவாயிரமாவது எபிசோடு. பொன்னாடை, கேடயம், நாற்பது விநாடி. ஊர் அடங்கினபின் பத்தே முக்காலுக்குப் பார்க்கிற நிகழ்ச்சியை மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயில் தகரக் கூரையைக் கொளுத்துகிற நேரத்தில்தான் எடுப்பார்கள் என்பது வளசரவாக்கத்தில் இந்தத் தெருக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நாற்பது விநாடிக்குச் சொல்ல வேண்டிய வரியை அஷ்வத் எழுதியே கொடுத்துவிட்டான்: ‘நான் எழுதியது கேள்விகளை அல்ல, கண்ணீரை.’ கண்ணீரை எழுதுவதா? யாராவது கண்ணீரை எழுதுவார்களா? கண்ணீரால் எழுதலாம், அதுவும் பள்ளிக்கூட ஆண்டுமலரில். அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று காலையிலிருந்து பார்க்கிறாள், அடிக்க முடிகிறது, வேறு வரவில்லை. நான் எழுதியது. நான் எழுதியது. இரண்டு வார்த்தைக்கு மேல் மனசு நகராமல், சேற்றில் மாட்டின சைக்கிள் மாதிரி அங்கேயே சுற்றியது.

ஆரம்பத்தில் கண்ணீர் எங்கே இருந்தது? ஆரம்பத்தில் இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு பிளாஸ்க், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அதற்கு முன்னால் ராசிக்கல் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைவிட இது மோசமாகவா போகும் என்று நிர்வாகம் விட்டுக்கொடுத்தது. நிகழ்ச்சியை நடத்துகிற பரந்தாமனுக்கு அப்போது முப்பத்தி நாலு வயசு, ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்து வழக்கு வராமல் குரலை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர். கிருபை நாசரேத்திலிருந்து வந்து ஒரு வாரப் பத்திரிகையில் வாசகர் கடிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ராத்திரி டிவி பார்க்கிறவன் தூக்கம் வராதவன், அவனுக்குத் தூங்காமல் வேலை செய்கிற இன்னொருத்தனைக் காட்டுவோம் என்று சொன்னது அவள்தான், இது இப்போது எந்தப் பேட்டியிலும் வருவதில்லை. ஏ.டி.எம். காவலாளி வந்தார். பால்வண்டி டிரைவர் வந்தார். பிணவறையில் வேலை செய்கிற ஒருவர் வந்து, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, தன் மகள் பரதநாட்டியம் படிப்பதை அரைமணி நேரம் சொன்னார். அவளுடைய கேள்விகள் எல்லாம் சின்னச் சின்னது. ராத்திரி பசிச்சா என்ன சாப்பிடுவீங்க? விடிஞ்சதும் முதல்ல யார் முகத்தைப் பாப்பீங்க? யாரும் அழவில்லை. பார்க்கிறவர்களும் அதிகமில்லை, ஆனால் பார்த்தவர்கள் கடிதம் எழுதினார்கள். கொசுவத்திக் கம்பெனி ஒன்று மட்டும் விளம்பரம் கொடுத்தது. மூன்று வருஷம் அப்படி ஓடியது. அந்த மூன்று வருஷத்தைத்தான் சொல்ல வேண்டும், நாற்பது விநாடியில் அதைச் சொன்னால் போதாதா, பிளாஸ்க்கைச் சொல்லலாம், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் அடுத்தது நாலாவது வருஷம் வந்துவிடும், நாலாவது வருஷம் வந்தால் நானூற்றுப் பன்னிரண்டு வந்துவிடும்.

அழகம்மாள் சாத்தூர்ப் பக்கம். ராத்திரி முழுக்கத் தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவர் என்றுதான் கூப்பிட்டார்கள். முன்கூட்டியே போனில் பேசியது கிருபை. வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு மகாராஷ்டிரா போனவர் ஐந்து வருஷமாகத் தகவல் இல்லை என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, ‘அதை மட்டும் கேக்காதீங்க, என்ன’ என்று அந்த அம்மாள் சொன்னாள். ‘கேக்க மாட்டோம்க்கா.’ கிருபை சொன்னாள். ஆமாம், சொன்னாள். படப்பிடிப்பில் கேள்விகள் தீர்ந்து இன்னும் நாலு நிமிஷம் பாக்கி நின்றது. அழகம்மாளுக்கு ஆமாம் இல்லைக்கு மேல் வரவில்லை. விளக்குச் சூட்டில் பசை காய்ந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரந்தாமன் காமிராவுக்குத் தெரியாமல் விரலை ஆட்டினார், ஒண்ணு குடு, ஏதாவது ஒண்ணு. கிருபை அட்டையின் பின்பக்கத்தில் கிறுக்கிக் கொடுத்தாள். அவர் வாசித்தார்: ‘உங்க வீட்டுக்காரர் இப்ப இந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வந்தா, முதல்ல என்ன கேப்பீங்க?’ செட்டின் மூலையில் ஒரு பிளைவுட் கதவு இருந்தது, சுவரில் இருந்த சுவிட்ச் போர்டை மறைக்க ஆர்ட் டைரக்டர் நிறுத்தி வைத்தது. பின்னால் செங்கல் சுவர். அழகம்மாள் கழுத்தைத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு விநாடி. வீட்டுக்காரரைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். நினைத்தது கண்ணிலே தெரிந்தது, பிறகு இல்லை என்று தெரிந்துகொண்டதும் தெரிந்தது, காமிரா அவ்வளவையும் எடுத்தது. பரந்தாமன் பேசவில்லை. பின்னால் பத்திரிகைகள் அந்த மௌனத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் அவர் முழித்ததுதான் அந்த மௌனம். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் கதவுதான் நிகழ்ச்சி. பிளைவுட்டுக்குத் தேக்கு நிறம் அடித்தார்கள், பிறகு விளம்பரக்காரர் பெயர் எழுதினார்கள், பிறகு சுவரை இடித்து நிஜமாகவே வழி விட்டார்கள், பிறகு புகை. தொலைந்த அண்ணன் வந்தான், ஓடிப்போன மகள் வந்தாள், பேசாதிருந்த சம்பந்தி வந்தார், தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் வந்தார்கள். மற்ற சேனல்கள் ஜன்னல் வைத்துப் பார்த்தன, ஒன்று மாடிப்படி வைத்தது. கல்யாண மண்டபங்களில் வாடகைக்குக் கதவு கிடைத்தது. காவலாளியும் பால்காரரும் அப்புறம் வரவேயில்லை, வந்தாலும் அவர்களுக்குத் தொலைந்தவர் யாராவது இருக்க வேண்டும் என்று ஆயிற்று. அழாத ஆளை அனுப்பாதே என்று அவளுக்கே உத்தரவு வந்தது. அவள் எழுதினாள். வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஏன் போகவில்லை, மகள் ஜெனிட்டாவுக்குப் படிப்பு, வீடு, இதெல்லாம் காரணமா, இல்லை, எழுதினது பலித்துவிட்டதே என்ற கெட்ட சந்தோஷம் ஒன்று உள்ளே இருந்தது, அதை இந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒத்துக்கொண்டால் என்ன. கணவன் சாமுவேல் இறந்த அன்றைக்கு, பெட்டி இன்னும் வீட்டில் இருக்கும்போது, சாமுவேலின் சின்னம்மா ஜெனிட்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டாள், ‘ஏளா, அப்பா இப்ப இந்தக் கதவைத் திறந்து வந்தா என்னளா கேப்ப?’ பதினாறு வயசுப் பிள்ளை திரும்பி வாசலைப் பார்த்தது. அதே மாதிரி. கழுத்து அதே மாதிரி திரும்பியது. கிருபைக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது. அந்தக் கிழவி நல்ல மனசோடுதான் கேட்டாள். ஊரே அப்படிக் கேட்கப் பழகியிருந்தது. துக்கத்துக்கு வந்தால் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது யார்.

மேக்கப் அறைக் கதவைத் தட்டிவிட்டு அஷ்வத் தலையை நீட்டினான். நிகழ்ச்சியின் பொறுப்பு இப்போது அவனிடம். முப்பத்தி ஒரு வயசு, மரியாதையான பையன், அதுதான் கஷ்டம். “மேடம், செம்மயா இருக்கீங்க. இன்னும் இருபது நிமிஷம். லைன் ஓகேதானே?”

“அஷ்வத், காலையில சொன்னதுதான். அழகம்மாள்கிட்ட மறுபடி அதைக் கேக்க வேணாம்.”

“மேடம், அவங்களேதான் வர்றேன்னு சொன்னாங்க. நாங்க கட்டாயப்படுத்தல. பத்தொம்பது வருஷம் கழிச்சு அதே நாற்காலி, அதே கேள்வி. அவங்களுக்கும் ஒரு நிம்மதி கிடைக்கும்ல?”

“நிம்மதின்னு யார் சொன்னா?”

“ஜனங்க எதிர்பார்க்கிறாங்க மேடம்,” என்றான், ஏதோ வெளியே மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. “அப்புறம் ப்ளீஸ், முன்னாடியே அவங்களைப் பாத்துடாதீங்க. மேடையிலதான் சந்திக்கணும்.” கதவு சாத்திக்கொண்டது.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? போனில் வேண்டாம் என்று சொன்னாள், நான் சரி என்றேன், அப்புறமும் எழுதினேன். இதுதான். பத்து வார்த்தைகூட இல்லை. காலையில் அவன் அறையில் நின்று இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், வந்தது ‘வேற மாதிரி யோசிக்கலாமே’ என்பது. அடுத்தவர் வாயில் வைக்க ஆயிரம் ஆயிரமாக எழுதினவளுக்குத் தன் வாயில் வைக்க ஒன்று இல்லை. கோபம் வந்தது, வந்த கோபம் போய் நிற்க இடமில்லாமல் மூக்குக்குக் கீழேயே அரித்தது. சுவரில் இருந்த சத்தமில்லாத டிவியில் செட் தெரிந்தது, இருநூறு பேர் வரிசையாக உட்கார, ஒருத்தர் கையைத் தூக்கித் தூக்கிக் கைதட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். குமுதா பவுடர் டப்பாவோடு உள்ளே வந்தாள். “மூணாவது ரூம்ல அந்தம்மா இருக்குதுக்கா. பவுடர் வேணாம்ங்குது. வேர்வை வரும்மான்னு சொல்லி நெத்தியில மட்டும் ஒத்தி விட்டேன். உங்களைத்தான் கேட்டுச்சு.”

“என்னையா?”

“போன்ல பேசின பொம்பளை இன்னும் இங்க இருக்காங்களான்னு கேட்டுச்சு.”

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் போனில் கேட்ட குரலை ஒருத்தி வைத்திருந்தாள். கிருபை எழுந்தாள். பேட்டரி டப்பா நழுவித் தொங்கியது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். போய் என்ன சொல்வது, மன்னிச்சிருங்கன்னா, அதைச் சொன்னால் அந்த அம்மாளுக்கு என்ன கிடைக்கும், தனக்குத்தான் கிடைக்கும், திரும்பிவிடலாம். மூன்றாவது அறைக் கதவு திறந்தேதான் இருந்தது.

அழகம்மாள் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. பச்சைச் சேலை, பக்கத்தில் மஞ்சள் பை. ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “நீங்கதான?” என்றாள்.

“ஆமாக்கா. கிருபை. அந்தக் கேள்வியை…”

“கேள்வி கெடக்கட்டும். அதை எடுக்க முடியுமா?”

“எதைக்கா?”

“படத்தை. போன்ல வருதுல்ல, நான் திரும்பிப் பாக்குறது.” அவள் குரலில் அழுகை எதுவும் இல்லை, ரேஷன் கடையில் பேசுகிற மாதிரிதான் பேசினாள். “கரண்டு எப்ப வரும்னு போட்டு என் மூஞ்சியை அனுப்புறான். பஸ் எப்ப வரும்னு போட்டு அனுப்புறான். நான் எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவுக்குச் சமைக்கிறேன். சோத்து வாளியைத் தூக்கிட்டு வந்தா, வரிசையில நிக்கிற பிள்ளைக அம்புட்டும் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பாக்குதுக. ஒண்ணாப்புப் பிள்ளையும் பாக்குது. அதுக்கு என்னன்னே தெரியாது, பெரிய பிள்ளைக செய்யுதேன்னு செய்யுது. மூணு கடுதாசி போட்டேன் உங்க ஆபீசுக்கு. பதிலே இல்ல. வாங்கன்னு கூப்பிட்டாக, சரி, உள்ள போக வேற வழியில்லன்னுதான் வந்தேன்.”

கடிதம். ஒரு கடிதம் கிருபையின் மேசைக்கு வந்தது. கோடு போட்ட தாளில், பேத்தி கையெழுத்தாக இருக்கும். சட்டப் பிரிவுக்கு என்று மேலே எழுதித் தள்ளிவிட்டாள், அன்றைக்கு வேறு வேலை இருந்தது, என்ன வேலை, யாருடைய அம்மாவையோ மலேசியாவிலிருந்து கதவு வழியாகக் கூட்டி வருகிற வேலை.

“நான் பேசிப் பாக்கறேன்க்கா.”

“அது வேணாம். பேசிப் பாக்கறேன், சொல்லிப் பாக்கறேன், அந்தத் தம்பியும் இதைத்தான் சொல்லுச்சு. முடியுமா, முடியாதா? ஒத்தை வார்த்தை.”

வார்த்தை வருவதற்குள் வராந்தாவில் கிருபையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட்டிக்கொண்டு போனார்கள், யாரோ மைக்கைச் சரியாகச் செருகினார்கள், புகை அடித்தது, இருமல் வந்தது, கதவு திறந்தது, கைதட்டல். இந்தப் பக்கத்திலிருந்து அவள் இந்தச் செட்டைப் பார்த்ததே இல்லை. பரந்தாமன் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். கிட்டத்தில் அவர் முகத்திலும் அதே பூச்சு, கண்ணுக்குக் கீழே வெடித்திருந்தது. “என் நாக்கு இருபத்திரண்டு வருஷமா இவங்க எழுதிக் கொடுத்ததைத்தான் பேசிச்சு. சொல்லுங்க கிருபை, இன்னைக்கு என்ன தோணுது?” நான் எழுதியது. நான் எழுதியது. எதிரே மூன்று காமிரா, மூக்குக்குக் கீழே அரிப்பு. அவள் சொறிந்துகொண்டாள். “நானூத்திப் பன்னெண்டாவது எபிசோடை எடுத்துரணும் சார். அந்தம்மா என்கிட்ட அதைக் கேக்காதீங்கன்னு போன்லயே சொன்னாங்க. சரின்னு சொல்லிட்டு நான் எழுதிக் குடுத்தேன். இப்ப எடுத்துருங்கன்னு கேக்கறாங்க.”

கை தூக்குகிறவர் கையைத் தூக்கினார். இருநூறு பேரும் கைதட்டினார்கள்.

கட் என்றார்கள். அஷ்வத் ஓடி வந்தான், மேடம் டென்ஷன் ஆகாதீங்க, தண்ணி குடிங்க, மறுபடி கதவிலிருந்து போகலாம். மறுபடி புகை, மறுபடி கை, இன்னைக்கு என்ன தோணுது. அதையே சொன்னாள். மறுபடி கைதட்டல். குமுதா வந்து திட்டான இடத்தை ஒத்திவிட்டாள். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் கீச்சிட்டது, சொற்கள் முன்னே பின்னே மாறின, ஆனால் சொன்னாள். இந்தத் தடவை கை தூக்குகிறவர் தூக்காமல் அஷ்வத்தைப் பார்த்தார். ஒருத்தரும் தட்டவில்லை. பரந்தாமன் காதிலிருந்த கருவியைக் கழற்றினார், சட்டையில் இருந்த மைக்கையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார்.

“கிருபை, என்ன இது? அந்த ஒண்ணாலதான் என்னைத் தெரியும் ஊருக்கு. அதை எடுத்துட்டா நான் யாரு?”

“முதல் மூணு வருஷம் நீங்க யாரு சார்?”

கேள்வி என்று எழுதிக் கொடுக்காமல் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது, அவருக்கு அது எரிச்சலாக இருந்தது, எரிச்சலுக்குக் கீழே வேறு ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாமலும் இருக்கலாம், பூச்சுக்கு அடியில் என்ன தெரியும். “அந்தம்மாவை இன்னைக்குக் கேக்கல. கூட்டிட்டுப் போயிரு. அவ்வளவுதான் என்னால முடியும்,” என்றார். திரும்பி அஷ்வத்திடம், “அடுத்தது என்ன?” என்றார். அடுத்தது ஒரு மிமிக்ரிக்காரர். கிருபை மைக்கைத் தானே பிடுங்கி எடுத்து நாற்காலியில் வைத்தாள். பொன்னாடையை யாரும் போர்த்தவில்லை.

வெளியே நாலு மணி வெயில் கண்ணைக் குத்தியது. இரண்டு பேரும் ஆற்காடு ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். அழகம்மாளுக்குப் பஸ் ஏழரைக்கு. போகிற வருகிறவர்கள் கிருபையின் முகத்தைப் பார்த்தார்கள், பூச்சு வழிந்து கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக இருந்திருக்கும். அழகம்மாள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள், “அப்ப எடுக்க மாட்டாக?”

“மாட்டாங்கக்கா.”

“ம்.” கொஞ்ச தூரம் நடந்தாள். “கடுதாசி போட்டப்பவே இதைச் சொல்லிருந்தா நான் அன்னைக்கே வேற வழி பாத்திருப்பேன்ல.”

டீக்கடை ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அழகம்மாள் டீயோடு இரண்டு வடை வாங்கித் தின்றாள், நல்ல பசி. வக்கீல் அம்மா ஒருத்தர் தெரியும் என்றாள் கிருபை, கோர்ட்டில் கேட்டால் எடுக்கச் சொல்வார்கள், சொல்லாமலும் போகலாம், வருஷக்கணக்கில் இழுக்கலாம், ஆனால் போனில் வேண்டாம் என்று சொன்னதற்குச் சாட்சி ஒருத்தர்தான், அது நான். எழுதித் தருகிறேன். அழகம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “இப்பவே எழுதுங்க,” என்றாள். கைப்பையில் இருந்தது கேள்வி எழுதுகிற அட்டைகள்தான். கிருபை ஒன்றை எடுத்து மடியில் வைத்து எழுதினாள். முதல் வரிக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு வேகமாக வந்தது, தேதி, பெயர், போனில் பேசியது, தான் ஒத்துக்கொண்டது, அதற்கப்புறம் செய்தது.

“படிங்க.”

படித்தாள். லாரி ஒன்று போகும்போது நிறுத்தி, மறுபடி படித்தாள். “கணவரைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று அழகம்மாள் அவர்கள் என்னிடம் ஒரு தடவை…”

“ஒரு தடவை இல்ல,” என்றாள் அழகம்மாள். “ரெண்டு தடவை. வர்றதுக்கு முந்தின நாளும் கூப்பிட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் போன்ல.”

கிருபை பேனாவோடு நிமிர்ந்தாள். பக்கத்து வீட்டுப் போன். பின்னால் ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது. ஆமாம். அன்றைக்குச் சிரித்தார்கள் கூட, கோழி பேசுதா நீங்க பேசுறீங்களா என்று. ஒத்துக்கொண்டு, அவள் வருவதற்கு முந்தின நாள் மறுபடி ஒத்துக்கொண்டு.

‘ஒரு’ என்பதை அடித்தாள். மேலே ‘இரண்டு’ என்று எழுதி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். “அப்புறம்?” என்றாள் அழகம்மாள், இன்னொரு டீக்குக் கையைக் காட்டிக்கொண்டே. கிருபை அடுத்த வரியைப் படித்தாள்.